இல்லாளும் சேமநிதியும்

தமிழில் ‘இல்லாள்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ‘இல்’ என்பதை வீடு எனக் கொண்டால் இல்லாள் வீட்டுக்குரியவள், மனைவி. ‘இல்’ என்பதை இன்மை உணர்த்தும் அடியாகக் கொண்டால் இல்லாள் பொருள் இல்லாதவள், வறியவள். ஆண்பாலில் இந்த இரட்டைப் பொருள் வழக்கில் இல்லை. ‘இல்லான்’ என்றால் வறியவன் என்றே கொள்கிறோம். இடம் நோக்கிப் பொருள் துணிய வேண்டும் என்று இலக்கண வகுப்பில் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆயினும் ஒரே பெண்ணுக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் நிலை ஒன்று நம் காலத்தில், நம் வீடுகளிலேயே உண்டு. அதனை விளக்குவதும் அதற்குரிய வழிகளை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பேசப்போவது வறுமையில் வாடும் குடும்பத்தைப் பற்றியன்று. கணவர் பொறியாளராகவோ மருத்துவராகவோ வணிகராகவோ இருந்து நல்ல வருவாய் ஈட்டுகிறார். மனைவி பட்டம் பெற்றவர். பிள்ளைகளை வளர்க்கவும் மாமனார் மாமியாரைப் பேணவும் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். வீட்டில் எதற்கும் குறைவில்லை. அரசின் வகைப்பாட்டில் அக்குடும்பம் ‘டி20’ எனப்படும் மேல்நிலை 20 விழுக்காட்டில் அடங்கும். அவ்வம்மையாரின் பெயரில் முதுமைக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டால், பல வீடுகளில் கிடைக்கும் விடை, ‘ஒன்றுமில்லை’ என்பதே. வீட்டுக்குரியவர் என்னும் பொருளிலும் அவர் இல்லாள். தம் பெயரில் எதுவும் இல்லாதவர் என்னும் பொருளிலும் அவர் இல்லாள்.

இந்நிலை எவ்வாறு நேர்கிறது? வருமானத்தை அளக்கும்போது நாம் குடும்பத்தை அலகாகக் கொள்கிறோம். முதுமைச் சேமிப்பை அளக்கும்போது சட்டம் தனி ஆளை அலகாகக் கொள்கிறது. முதல் அளவுகோலில் அவர் செல்வர். இரண்டாம் அளவுகோலில் அவர் கணக்கிலேயே வரவில்லை. இரண்டு அளவுகோல்களுக்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு கணவர் உயிரோடும் அன்போடும் வேலையோடும் இருக்கும்வரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சொல் தரும் செய்தி

மலேசியத் தமிழர் ‘ஊழியர் சேமநிதி’ என்று வழங்குவதைத் தமிழ்நாட்டார் ‘வருங்கால வைப்பு நிதி’ என்பர். இரண்டும் நல்ல சொற்களே. எனினும் நம் நாட்டு வழக்கில் ஓர் ஆழம் உண்டு. ‘சேமம்’ என்பது ‘க்ஷேமம்’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். ‘யோகக்ஷேமம்’ என்னும் தொடருக்கு உரை கூறுவோர், யோகம் என்பது இல்லாததைப் பெறுதல் என்றும் க்ஷேமம் என்பது பெற்றதைக் காத்தல் என்றும் பிரித்துக் காட்டுவர். ஈட்டுதல் ஒரு செயல். ஈட்டியதைக் காத்தல் மற்றொரு செயல். இல்லத்தில் இருப்பவர் ஆண்டு முழுதும் செய்வது இந்த இரண்டாவது செயலே. சேமத்தைச் செய்பவர் அவர். ஆனால் சேமநிதி அவருக்கு இல்லை. ஏனெனில் அந்நிதியின் பெயரில் முதலில் நிற்கும் சொல் ‘ஊழியர்’ என்பது.

‘ஊழியம்’ என்றால் தமிழில் தொண்டு, பணிவிடை. விடியுமுன் எழுந்து இரவு அடங்கும்வரை வீட்டுக்கு உழைப்பவரை ஊழியம் செய்பவர் என்று கூறத் தமிழ் தடுப்பதில்லை. சட்டத்தின் ‘ஊழியர்’ வேறு. வேலை ஒப்பந்தமும் சம்பளமும் உடையவரே அங்கு ஊழியர். சம்பளம் இல்லையேல் தொழிலாளியின் பங்கும் இல்லை. முதலாளியின் பங்கும் இல்லை.

இங்கு வரலாற்றில் ஒரு முரண் உண்டு. ஊழியர் சேமநிதிச் சட்டம் 1951ஆம் ஆண்டு, மலாயா விடுதலை பெறுவதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பே இயற்றப்பட்டது. தொடக்கத்தில் தொழிலாளி 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினர். தோட்டங்களில் பால்மரம் வெட்டிய, வெளிக்காட்டு வேலை செய்த நம் பெண்கள் சம்பளம் பெற்ற தொழிலாளர்கள். ஆகவே அவர்கள் பெயரில் சேமநிதிக் கணக்கு இருந்தது. தோட்டப்புற வழக்குச் சொற்களைத் திரட்டிய நாள்களில், முதிய பெண்கள் அப்பணத்தைப் பற்றிப் பேசும்போது ‘எம் பேர்ல இருக்கிற காசு’ என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். தொகை சிறிது, சொல்லில் இருந்த உறுதி பெரிது. அந்தப் பாட்டியின் பேத்தி இன்று பட்டதாரி. கிள்ளானை அடுத்த புதிய குடியிருப்பில், வாயிற்காவல் உள்ள தெருவில் வாழ்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குத் தம் பெயரில் இருந்தது, பேத்தியிடம் இல்லை.

மேருவில் ஒரு குடும்பம்

கணக்கு விளங்குவதற்காகக் கிள்ளானுக்கு வடக்கே உள்ள மேருவில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அகப்பொருள் மரபில் மாந்தரின் இயற்பெயரைச் சுட்டுவதில்லை. நாமும் தலைவன், தலைவி என்றே குறிப்போம்.

தலைவனின் மாதச் சம்பளம் 12,000 ரிங்கிட். அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 1,320 ரிங்கிட். சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்டதால் முதலாளியின் பங்கு 12 விழுக்காடு, அதாவது 1,440 ரிங்கிட். ஆக, மாதந்தோறும் ஏறத்தாழ 2,760 ரிங்கிட் தலைவனின் கணக்கில் சேர்கிறது. தலைவியின் கணக்கில் சேர்வது சுழியம். அவர் வேலையை விட்டபோது இருந்த சிறு தொகை மட்டும் ஆண்டுதோறும் இலாப ஈவு பெற்று மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும்.

இப்போது தலைவிக்கு 30 வயது எனக் கொள்வோம். அவர் பெயரில் மாதம் 500 ரிங்கிட் செலுத்தி, ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 55 வயதில் ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம் ரிங்கிட் சேரும். செலுத்தியது 1 இலட்சத்து 50 ஆயிரம். எஞ்சியது காலம் ஈட்டித் தந்தது. அதே தொகையை 40 வயதில் தொடங்கினால் 55 வயதில் சேர்வது ஏறத்தாழ 1 இலட்சத்து 32 ஆயிரம் மட்டுமே. பத்தாண்டுத் தாமதம் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. ஊழியர் சேமநிதி வாரியம் மரபுவழிச் சேமிப்புக்கு 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு ஈவு வழங்கியதை நோக்கினால், 5 விழுக்காடு என்பது மிகையான கணிப்பன்று. சட்டம் உறுதியளிப்பது 2.5 விழுக்காடு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வாரியம் நெடுங்காலம் 55 வயதுக்குரிய அடிப்படைச் சேமிப்பாக 240,000 ரிங்கிட்டைக் குறித்திருந்தது. மாதம் 1,000 ரிங்கிட் வீதம் 20 ஆண்டுகளுக்கு என்பது அதன் பொருள். வாழ்க்கைச் செலவு ஏறியதால், 60 வயதை எல்லையாகக் கொண்டு அடிப்படை அளவு 390,000, போதுமான அளவு 650,000, வளமான அளவு 1,300,000 என்னும் புதிய வரையறை வகுக்கப்பட்டுள்ளது. இவை ஒருவருக்குரிய அளவுகள். கணவரிடம் 1,300,000 இருப்பதால் மனைவிக்கும் அந்த அளவு எட்டிவிட்டதாக ஆகாது.

குடும்பச் செல்வம் ஏன் போதாது

‘என்னுடையது எல்லாம் அவளுடையதுதானே’ என்று தலைவன் கூறலாம். அக்கூற்றில் பொய் இல்லை. ஆனால் அக்கூற்றைக் காப்பதற்கு அவர் எப்போதும் இருக்க வேண்டும். நான்கு நிலைகளில் அது பொருந்தாமல் போகிறது.

முதலாவது, இறப்பு. கணவரின் தனிக் கணக்குகள் அவர் மறைந்ததும் முடங்கும். சட்ட நடைமுறை முடியும்வரை மனைவி காத்திருக்க வேண்டும். சேமநிதியில் நியமனம் செய்யப்பட்டிருந்தால் பணம் விரைவில் கிடைக்கும். ஆனால் யார் பெயர் நியமனத்தில் உள்ளது? முஸ்லிம் அல்லாத உறுப்பினரைப் பொறுத்தவரை, நியமனம் பெற்றவருக்கே பணம் உரியது. 22 வயதில் முதல் வேலையில் சேர்ந்த நாளில் தாயின் பெயரை எழுதிக் கொடுத்து, பின்னர் அதனை மறந்தே போனவர் எத்தனையோ பேர். முஸ்லிம் உறுப்பினரின் நியமனம் பெற்றவர், சமயச் சட்டப்படி உரியவர்களுக்குப் பங்கிட்டுத் தரும் பொறுப்பாளர் ஆவார்.

இரண்டாவது, நெடுவாழ்வு. நம் நாட்டில் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களின் ஆயுளைவிட ஏறத்தாழ 5 ஆண்டு கூடுதல். மனைவி கணவரைவிட நான்கைந்து வயது இளையவராக இருப்பதும் வழக்கம். இரண்டையும் கூட்டினால், பத்தாண்டுக்கு அண்மையான காலம் அவர் தனித்து வாழ நேரலாம். குடும்பத்தின் மருத்துவச் செலவு உச்சம் தொட்டு, சேமிப்பு கரைந்தபின் வரும் பத்தாண்டு அது.

மூன்றாவது, கடன். கிள்ளான் பள்ளத்தாக்கில் நல்ல வருவாய் உள்ள குடும்பங்களில் பல சொந்தத் தொழில் செய்பவை. தொழிற்கடனுக்குக் கணவர் தனிப்பொறுப்பு ஏற்றுக் கையொப்பமிட்டிருப்பார். தொழில் நொடித்தால் அவர் பெயரில் உள்ள வீடும் நிலமும் பங்குகளும் கடன்காரர் கைக்குப் போகலாம். சேமநிதிச் சட்டம் உறுப்பினரின் சேமிப்பைக் கடன்காரர் பற்ற இயலாதவாறு காக்கிறது. மனைவியின் பெயரில் உள்ள சேமநிதி இதனால் குடும்பம் முழுவதற்குமே ஓர் அரண்.

நான்காவது, மணமுறிவு. நல்ல குடும்பத்தில் இதைப் பேசலாகாது என்போர் உண்டு. மழைக்காலத்தில் குடை வைத்திருப்பவர் மழையை விரும்புகிறார் என்று நாம் கருதுவதில்லை.

பெயர்களில் அன்பு, விதிகளில் எல்லை

நம் நாட்டுத் திட்டங்களின் பெயர்களை ஒரு மொழியியலாளர் நோக்கினால் வியப்புறுவார். ‘ஐ-சூரி’ என்பதில் உள்ள ‘சூரி’ அரசி எனப் பொருள்படும் மலாய்ச் சொல். ‘சூரி ரூமா’ என்றால் இல்லத்தரசி. ‘ஐ-சாயாங்’ என்பதில் உள்ள ‘சாயாங்’ அன்பு. வறிய குடும்பங்களைப் பதிவு செய்யும் ‘இ-காசே’ தரவகத்தின் பெயரில் உள்ள ‘காசே’யும் அன்பே. தமிழும் மலாயும் இல்லத்தில் இருப்பவளுக்கு ஒரே முடியைச் சூட்டியிருக்கின்றன. முடி சூட்டிய இரு மொழிகளும் கருவூலத்தின் திறவுகோலைப் பற்றிப் பேசவில்லை. எந்தத் திட்டம் யாருக்கு என்பதை அறியப் பெயரைக் கடந்து விதியைப் படிக்க வேண்டும்.

ஐ-சூரி 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. அப்போது பெண் மாதம் 5 ரிங்கிட் செலுத்தினால் அரசு 40 ரிங்கிட் சேர்த்தது. பின்னர் அது பங்களிப்புக்கு ஏற்ப ஊக்கத்தொகை தரும் முறையாக மாறியது. இ-காசே பட்டியலில் உள்ள பெண்களுக்கு உரியது இத்திட்டம். மேருவின் தலைவிக்கு இது பொருந்தாது. பொருந்தாமலிருப்பதே முறையும் ஆகும். அரசின் பணம் இல்லாதவர்க்கே முதலில் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அதிலும் வருமான உச்சவரம்பு உண்டு. ஆகவே உயர் வருவாய்க் குடும்பத்து இல்லாளுக்கு அரசின் கொடை வழியில்லை. குடும்பத்தின் சொந்தப் பணத்தை அவர் பெயருக்கு மாற்றும் வழிகளே உள்ளன.

முதல் வழி ஐ-சாயாங். கணவரின் 11 விழுக்காட்டுப் பங்கில் 2 விழுக்காட்டை மனைவியின் சேமநிதிக் கணக்குக்கு மாற்ற இது இடமளிக்கிறது. நம் எடுத்துக்காட்டில் அது மாதம் 240 ரிங்கிட். தலைவனின் கணக்கில் 2,760க்கு மாறாக 2,520 சேரும். தலைவியின் கணக்கில் சுழியத்துக்கு மாறாக 240 சேரும். வீட்டுச் செலவிலிருந்து ஒரு காசும் குறையாது. ஒருமுறை விண்ணப்பித்தால் மாதந்தோறும் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கேட்டுப் பெறும் பணத்துக்கும் தானே வந்து சேரும் பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை இல்லத்தில் இருப்போர் நன்கறிவர்.

இரண்டாம் வழி தன்விருப்பப் பங்களிப்பு. வேலையில் இல்லாதவரும் சேமநிதி உறுப்பினராகித் தம் கணக்கில் பணம் செலுத்தலாம். ஆண்டு உச்சவரம்பு 100,000 ரிங்கிட். இவ்வரம்பு ஆளுக்கு ஒன்று. கணவர் தம் வரம்பைத் தொட்டுவிட்டாலும் மனைவியின் வரம்பு அப்படியே இருக்கிறது. செலுத்தும் தொகையில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமாயினும் எடுக்கத்தக்க நெகிழ்வுக் கணக்குக்கும் செல்லும். 2024 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த பிரிப்பு இது. சேமநிதியில் போட்டால் அவசரத்துக்கு எடுக்க முடியாது என்ற பழைய தயக்கம் இதனால் ஓரளவு நீங்குகிறது.

மூன்றாம் வழி ஐ-சாரான். சுயதொழில் செய்வோரையும் நிலையான வருமானம் இல்லாதோரையும் கருதியது இது. தாமாகச் செலுத்தும் தொகைக்கு அரசு 20 விழுக்காடு ஊக்கம் தருகிறது. ஆண்டுக்கு 500 ரிங்கிட்டும் வாழ்நாளில் 5,000 ரிங்கிட்டும் உச்சம். 2,500 ரிங்கிட் செலுத்தினால் அவ்வாண்டின் முழு ஊக்கமும் கிடைக்கும் என்பது எளிய கணக்கு. வீட்டிலிருந்தே தனிப்பயிற்சி வகுப்பு நடத்துவோர், தையல், பலகாரம், மாலைகட்டுதல் எனச் சிறு வருவாய் காண்போர் இதனைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

நான்காம் வழி தனியார் ஓய்வூதியத் திட்டம். பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் மேற்பார்வையில் 2012இல் தொடங்கியது. இதன் பெரும்பகுதி 55 வயதுவரை பூட்டப்பட்டிருக்கும். சந்தையை ஒட்டி ஏறியிறங்கும் தன்மையுடையது. உறுதியளிக்கப்பட்ட ஈவு இல்லை. செலுத்துபவருக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு உண்டு. ஆனால் வரி செலுத்தும் அளவுக்கு வருமானமே இல்லாத தலைவிக்கு அவ்விலக்கால் நேரடிப் பயன் இல்லை. ஆகவே அவரைப் பொறுத்தவரை சேமநிதியை நிறைத்தபின் நாடத்தக்க இரண்டாம் களஞ்சியம் இது. நிலையான விலையில் அலகு வாங்கக்கூடிய ‘அமானா சஹாம் மலேசியா’ போன்ற நிதிகளும் உள்ளன. நம் சமூகத்துக்குரிய ஒதுக்கீட்டில் இடம் இருக்கும்போது வாங்கலாம்.

சேமிப்பன்று, காப்பு என்னும் வகையில் ஒன்றையும் சேர்க்க வேண்டும். இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சொக்சோ நடத்தும் இத்திட்டத்தில் 55 வயதுக்கு உட்பட்ட பெண், குடும்ப வருமானம் எதுவாயினும், ஆண்டுக்கு 120 ரிங்கிட் செலுத்திச் சேரலாம். வீட்டுப் பணியின்போது நேரும் விபத்துக்கும் உடல்திறன் இழப்புக்கும் இது பொருந்தும். தொகையைவிட இதன் அடிப்படைக் கருத்து குறிக்கத்தக்கது: சமையலறையில் வழுக்கி விழுவதும் ‘பணியிட விபத்து’ என நம் சட்டம் முதன்முறையாக ஏற்றுக்கொண்டது.

தொகைகளும் நிபந்தனைகளும் வரவுசெலவுத் திட்டத்துக்குத் திட்டம் மாறுவன. எனவே விண்ணப்பிக்குமுன் வாரியத்தின் கிளையில் அன்றைய நிலையைக் கேட்டறிதல் நன்று.

தங்கமும் சிறுவாடும்

‘எங்கள் பெண்களிடம் நகை இருக்கிறதே’ என்பது நம்மவரின் வழக்கமான மறுமொழி. கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் நகைக்கடைகளும் பிரிக்பீல்ட்ஸ் நகைக்கடைகளும் அந்நம்பிக்கைக்குச் சான்று. தங்கம் பெண்ணின் கையில் இருக்கும் சொத்து என்பது உண்மை. அதன் மதிப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாங்கும்போது தந்த செய்கூலி விற்கும்போது திரும்புவதில்லை. நகை மாதவருமானம் தருவதில்லை. மேலும் வீட்டில் நெருக்கடி வந்தால் முதலில் அடகுக்குப் போவது அதுவே. மகளின் திருமணத்தில் கைமாறுவதும் அதுவே. முதுமை வருமுன் அது பெரும்பாலும் வேறொருவர் கழுத்தில் இருக்கும்.

தமிழில் ‘சிறுவாடு’ என்றோர் அரிய சொல் உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண்கள் தமக்கென ஒதுக்கிவைக்கும் சிறுபணம் அது. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் வளர்ந்த அப்பணம் எத்தனையோ பிள்ளைகளின் தேர்வுக் கட்டணமாகியிருக்கிறது. பெண்கள் சேமிக்க அறியாதவர் என்னும் கூற்றை இச்சொல் ஒன்றே மறுக்கும். சிறுவாட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது: அது மறைவானது, வளராதது, சட்டத்தில் பெயரற்றது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிப் போடும் சீட்டும் அத்தகையதே. சீட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, பணம் போனால் முறையிட இடமில்லை. சிறுவாட்டுப் பழக்கத்தை வெளிச்சத்துக்குக் கொணர்ந்து, அதற்கொரு கணக்கெண்ணும் ஈவும் தருவதே நாம் மேலே கூறிய வழிகளின் சாரம்.

தேட்டம்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே பணிக்காக வந்து குடியேறிய யாழ்ப்பாணத் தமிழரின் முன்னோர்க்கு ஒரு வழக்கச் சட்டம் இருந்தது. தேசவழமை எனப்படும் அது 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. அதில் சொத்து மூவகைப்படும்: வழிவழி வந்தது முதுசம், பெண்ணுக்குத் தந்தது சீதனம், மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். ஒருவர் இறந்தால் தேட்டத்தில் பாதி எஞ்சியிருக்கும் துணைவருக்கு உரியது என்பது இலங்கைச் சட்டத்தில் இன்றும் வழங்கும் நெறி.

‘தேட்டம்’ என்பது ‘தேடு’ என்னும் வினையடியிற் பிறந்தது. மலாய் மொழியில் மணவாழ்வில் சேர்ந்த சொத்தை ‘ஹார்த்தா செபென்சாரியான்’ என்பர். அதன் உள்ளே இருக்கும் வினையடி ‘சாரி’. அதன் பொருளும் தேடு என்பதே. ‘செ’ என்னும் முன்னொட்டு ஒன்றுபட்டமையைக் காட்டும்: ஒன்றாகத் தேடிய பொருள். கடலால் பிரிந்த இரு மொழிகள் ஒரே கருத்தை ஒரே உருவகத்தால் உணர்த்தியிருக்கின்றன. வெளியே சென்று தேடியவர் ஒருவராயினும், தேடிய பொருள் இருவருடையது.

முஸ்லிம் அல்லாதோர்க்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 76ஆம் பிரிவும் இத்திசையிலேயே வளர்ந்திருக்கிறது. சொத்துப் பிரிக்கையில், இல்லத்தைப் பார்த்துக்கொண்டும் குடும்பத்தைப் பேணியும் ஒருவர் ஆற்றிய பங்கை நீதிமன்றம் கருத வேண்டும். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், தனி முயற்சியால் ஈட்டியது, கூட்டு முயற்சியால் ஈட்டியது என்னும் பழைய பிரிவை நீக்கிச் சமப்பங்கை நோக்கிச் சாயுமாறு பணித்தது. வரிச் சட்டமோ இன்னும் வேறு மொழியில் பேசுகிறது: வருமானமில்லாத துணைவருக்காக 4,000 ரிங்கிட் கழிவு. ஒரு சட்டத்தில் அவர் பங்காளி. மற்றொன்றில் அவர் ஒரு கழிவுத்தொகை.

எனினும் 76ஆம் பிரிவு பேசுவது மணம் முறிந்தபின். நீதிமன்றம் சென்று பெறும் பங்கைவிட, இல்லறம் நடக்கும்போதே மாதந்தோறும் ஒதுங்கும் பங்கு எளிது, மலிவு, மானம் காப்பது. பிற நாடுகளும் இதனை உணர்ந்துள்ளன. அமெரிக்காவில் வேலைக்குச் செல்லாத துணைவரின் ஓய்வுக் கணக்குக்கு ஆண்டுக்கு 250 டாலர் மட்டுமே கூடுதலாக இடமிருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 2,000 டாலராக, அதாவது சம்பாதிப்பவருக்கு இணையாக உயர்த்தியது. ஜெர்மனி 1977இல், மணவிலக்கின்போது இருவரின் ஓய்வூதிய உரிமைகளையும் சமமாகப் பகிரும் முறையைக் கொணர்ந்தது. சிங்கப்பூரில் துணைவரின் மத்திய சேமநிதியில் பணம் சேர்ப்பவருக்கு வரிச்சலுகை உண்டு.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல இயலும். கூட்டுவட்டி கற்பிக்கும் ஆசிரியர் 30 வயதில் தொடங்கியவரையும் 40 வயதில் தொடங்கியவரையும் கரும்பலகையில் ஒப்பிட்டுக் காட்டலாம். தமிழாசிரியர் இல்லாள், சிறுவாடு, தேட்டம், சேமம் என்னும் நான்கு சொற்களை எழுதி, ஒவ்வொன்றும் பெண்ணின் பொருளைப் பற்றி என்ன கூறுகிறது என்று கேட்கலாம். மாணவர் வீட்டுக்குச் சென்று தாயிடம் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று: உங்கள் பெயரில் சேமநிதிக் கணக்கு உண்டா? அதில் கடைசியாக எப்போது பணம் சேர்ந்தது? அப்பாவின் நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது? மூன்றாவது வினாவைத் தந்தையிடமே கேட்பது இன்னும் நன்று.

ஆசிரியர்களுள் பலர் அரசு ஓய்வூதியம் பெறுபவர். அவர் மறைவுக்குப் பின் துணைவருக்கு வழிவரு ஓய்வூதியம் கிடைக்கும். அந்தப் பாதுகாப்பு தனியார் துறையிலும் சொந்தத் தொழிலிலும் உள்ளவர் வீட்டில் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வேலையை விட்டு வீட்டில் இருக்க முடிவு செய்யும் மகளுக்கும் மருமகளுக்கும், சில வீடுகளில் மருமகனுக்கும், நாம் கூற வேண்டிய அறிவுரை சுருக்கமானது. சம்பளம் நிற்கும் மாதத்திலேயே, அவர் பெயரில் செல்ல வேண்டிய தொகையை இருவரும் பேசி முடிவு செய்து, அதனைத் தானியங்கிக் கட்டளையாக வங்கியில் பதிந்துவிட வேண்டும். அத்தொகை அன்பளிப்பாகக் குறிக்கப்படலாகாது. அது தேட்டத்தில் அவருடைய பங்கு.